லிட்டருக்கு மூன்று புள்ளி ஆறு

பொட்டி மாட்டினால் மைலேஜ் ஏறும் என்றார்கள். ஊரில் எல்லோருடைய லாரிக்கும் ஏறியது. என் லாரிக்கு மட்டும் இறங்கியது.

அந்த ஆறு மாதம் நான் பட்ட குழப்பம் முழுவதும் இந்த மூன்று வரிக்குள் இருக்கிறது. என் பெயர் அமராவதி. சங்ககிரியில் ஒரே ஒரு லாரி வைத்திருக்கிறேன். பத்து, இருபது என்று வைத்திருக்கிறவர்கள் நடுவில் ஒற்றை லாரிக்காரி பிழைக்க வேண்டுமென்றால் வாய் கொஞ்சம் நீளமாக இருக்க வேண்டும். எனக்கு நீளம்தான். முகத்துக்கு நேரே ‘ஓனரக்கா’ என்பார்கள். முதுகுக்குப் பின்னால் வேறு பெயர் உண்டு, அது இங்கே வேண்டாம்.

டீசல் லிட்டர் இருநூறைத் தாண்டிய வருடம் அது. வடக்கே பாதி லாரிகள் பேட்டரிக்கு மாறிவிட்டன. பதினாறு டன் ஜவ்வரிசியை ஏற்றிக்கொண்டு தொப்பூர் கணவாய் ஏறி, புனே வரை போய் வெங்காயத்தோடு திரும்பி வருகிற மாதிரி பேட்டரி லாரி வாங்க எங்களில் யாருக்கு வசதி? இருக்கிற இன்ஜினிலேயே மிச்சம் பிடிக்க ஆளுக்கொரு வழி தேடிக்கொண்டிருந்தோம். அப்போதுதான் ‘துணைவன்’ வந்தது. டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி. இன்ஜினைக் கட்டி மேய்க்கிற கம்ப்யூட்டரோடு அதைச் சேர்த்துவிட்டால், எந்த மேட்டில் எவ்வளவு டீசல் விடலாம், எந்த இறக்கத்தில் நிறுத்தலாம் என்று அதுவே பார்த்துக்கொள்ளும். டிரைவருக்கு முன்னால் ஒரு சின்னத் திரை இருக்கும். அழுத்து, காலை எடு, இந்த வேகத்திலேயே போ என்று சொல்லும். சொன்னபடி ஓட்டினால் பச்சை விளக்கு, மீறினால் சிவப்பு.

சேலத்திலிருந்து ரெஜினா என்ற பெண் வந்து மாட்டினாள். முப்பது வயது இருக்கும். லாரிக்கு அடியில் படுத்துக்கொண்டே பேசினாள்.

“அக்கா, மூணு மாசத்துல லிட்டருக்கு அரை கிலோமீட்டர் ஏறலைன்னா பொட்டியைக் கழட்டி என் தலையில போடுங்க.”

“உன் தலையில போட்டா எனக்கு டீசல் ஊறுமா புள்ள? ஏத்திக் காட்டு, அது போதும்.”

என் போனுக்கு நாற்பது பக்கத்துக்கு எதுவோ வந்தது. கடைசியில் ‘சம்மதம்’ என்று ஒரு பொத்தான். அமுக்கினேன். அதையெல்லாம் யார் படிக்கிறார்கள்?

இனி மாதையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேட்டூருக்குப் பக்கத்தில் கொளத்தூர்க்காரன். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவன், பன்னிரண்டு வருடமாக என் லாரியை ஓட்டியவன். ஸ்டியரிங்குக்கு முன்னால் டீ டம்ளரை வைத்துக்கொண்டு தொப்பூர் இறக்கத்தில் இறங்குவான், ஒரு சொட்டு சிந்தாது. பேச்சு மட்டும் வராது. நான் பத்து வார்த்தை திட்டினால் ‘சரிங்க அக்கா’ என்று ஒன்று திரும்பி வரும். எனக்கு அதிலேயே பாதி கோபம்.

சங்ககிரியில் டிரைவரின் குணத்தை ஜாதகத்தில் பார்க்க மாட்டோம், டேங்கில் பார்ப்போம். புறப்படும்போது ஊர் பங்க்கில் கழுத்து வரை டீசல் நிரப்பி அனுப்புவோம். திரும்பி வந்ததும் அதே பங்க்கில், அதே பம்பில், மறுபடி கழுத்து வரை. ஓடிய தூரத்தை ஊற்றிய டீசலால் வகுத்தால் மைலேஜ். ஏறினால் கெட்டிக்காரன். இறங்கினால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான், வழியில் எங்கேயோ ட்யூப் போட்டு உறிஞ்சி விற்கிறான். என் அப்பா காலத்திலிருந்து இதுதான் சட்டம். வேறு காரணம் இருக்கும் என்று இந்த ஊரில் யாரும் மண்டையை உடைத்துக்கொண்டதில்லை.

பொட்டி மாட்டிய முதல் மாதம் நான்கு புள்ளி இரண்டிலிருந்து நான்கு புள்ளி ஆறுக்கு ஏறியது. ரெஜினாவுக்குப் போன் செய்து “நீ நல்லா இருப்ப புள்ள” என்றேன். அடுத்த மாதம் பொட்டிக்குள் என்னவோ புதிதாக இறங்கியிருப்பதாகப் போனில் தகவல் வந்தது. வந்ததிலிருந்து சனியன் பிடித்தது. நான்கு. அடுத்த தடவை மூன்று புள்ளி எட்டு. அதற்கடுத்த தடவை மூன்று புள்ளி ஆறு. மற்ற ஓனர்களோ டீக்கடையில் நின்றுகொண்டு ஐந்தைத் தொட்டுவிட்டேன், ஐந்தைத் தாண்டிவிட்டேன் என்று மீசையை முறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

மாதையனைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

“என்ன மாதையா இது?”

“எனக்கும் புரியலைங்க அக்கா. பொட்டி சொல்றபடிதானுங்க ஓட்டறேன். புனே வரைக்கும் பச்சைதானுங்க.”

“பச்சை எரிஞ்சா டீசல் எங்க போகுது? ஆவியாப் போகுதா?”

“ஏத்தத்துல காலை எடுக்கலாம்னு பார்த்தா அழுத்து அழுத்துங்குது. எடுத்தாலும் வண்டி தானா முக்கிக்கிட்டு ஏறுதுங்க.” எழுந்தவன் மறுபடி உட்கார்ந்தான். “அப்புறம் இன்னொண்ணுங்க. என் பின்னாடியே எட்டு வண்டி, பத்து வண்டி வருதுங்க. ஒருத்தனும் முந்த மாட்டேங்கறான். ஏன்னு தெரியலை.”

“ஓகோ, மாப்பிள்ளை ஊர்வலமா? மாலை யாரு போட்டாங்க உனக்கு?”

அவன் சிரிக்கவில்லை. நான் அந்தப் பேச்சை அப்படியே விட்டுவிட்டேன். அன்றைக்கு அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு கேள்வி கேட்டிருந்தால் இந்தக் கதையே கிடையாது.

ரெஜினாவை வரவழைத்தேன். அரை நாள் லாரிக்கு அடியில் கிடந்தாள். “பொட்டியில கோளாறு இல்லைக்கா. டேங்க்ல ஓட்டை இல்லை, பைப்புல ஒழுக்கு இல்லை. எனக்கே ஒண்ணும் பிடிபடலை” என்று தலையைச் சொறிந்தாள். டேங்கில் ஓட்டை இல்லை என்றால் டிரைவரிடம்தான் ஓட்டை என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

என் வீட்டுக்காரர் அர்த்தநாரி தபால் ஆபீசில் வேலை பார்க்கிறவர். எதற்கும் பதற மாட்டார். “பன்னெண்டு வருஷமாத் திருடாதவன் இப்ப எதுக்கு அமரா திருடறான்?” என்று கேட்டார்.

“பன்னெண்டு வருஷமா டீசல் இந்த விலை வித்துச்சா?”

“நீ போலீசுக்குப் போயிருக்கணும். தப்பிச்சது டிபார்ட்மெண்ட்.”

அவர் கிண்டலைப் பொருட்படுத்தாமல், எங்கள் ஊரில் கடைசியாகச் செய்வதைச் செய்தேன். லாரி முன்னால், நாலு ஓனர்கள் பார்க்க, ஒரு செங்கல்லின் மேல் கற்பூரத்தை ஏற்றி மாதையனைச் சத்தியம் செய்யச் சொன்னேன். அடித்து அணைப்பது வழக்கம். பட்டென்று தட்டினால் கைக்கு ஒன்றும் ஆகாது. அவன் அடிக்கவில்லை. எரிகிற கற்பூரத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினான். “உங்க டீசல்ல ஒரு சொட்டு நான் தொட்டதில்லைங்க அக்கா” என்று சொல்லி முடிக்கும்வரை எடுக்கவில்லை. எனக்கே என்னவோ போல் ஆகிவிட்டது. சரி, இனி பார்க்கலாம் என்று லோடு ஏற்றி அனுப்பினேன்.

திரும்பி வந்தான். டேங்கை நிரப்பினோம். மூன்று புள்ளி ஐந்து.

சத்தியம் செய்துவிட்டுமா? எனக்குக் கண்மண் தெரியாத கோபம். சாவியைக் கொடுடா என்றேன். பன்னிரண்டு வருடத்தில் அவனை ‘டா’ போட்டது அன்றுதான். சாவியை என் மேசையில் வைத்தான். உள்ளங்கையில் கொப்புளம் காய்ந்து கறுத்திருந்தது.

“வேலையை விட்டு நிறுத்துங்க அக்கா, அது உங்க வண்டி. குரூப்ல மட்டும் போடாதீங்க. போட்டோ வேண்டாங்க.”

அவன் அவ்வளவு நீளமாக எதையும் கேட்டதில்லை. லாரி ஓனர்களின் வாட்ஸப் குரூப்பில் நானூறு பேர். அதில் ஒரு டிரைவரின் போட்டோ விழுந்தால் ஓசூரிலிருந்து கரூர் வரை ஒருவனும் சாவி கொடுக்க மாட்டான். எனக்குத் தெரியும். தெரிந்துதான் போட்டேன். ‘டீசல் திருடியதற்காக நீக்கப்பட்டார். யாரும் வேலை தர வேண்டாம்.’ கீழே முப்பது பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள்.

அடுத்து வந்தவன் நவநீதன். இருபத்து நான்கு வயது. லைசென்ஸில் மை காயவில்லை. பிரேக்கை மிதித்தால் பின்னால் கட்டியிருக்கிற தார்ப்பாய் முன்னால் வந்து எட்டிப் பார்க்கும். வேறு ஆள் கிடைக்காமல்தான் வைத்தேன். முதல் தடவை புனே போய் வந்தான். டேங்கை நிரப்பினோம்.

ஐந்து புள்ளி ஒன்று!

ஊர் முழுக்கச் சொன்னேன். டீக்கடையில் எல்லோருக்கும் என் செலவில் போண்டா. “பார்த்தீங்களா, திருடனை அனுப்பினதும் வண்டி எப்படி ஓடுது!” என்றேன். வீட்டில் அர்த்தநாரி மட்டும் பேப்பருக்குப் பின்னாலிருந்து கேட்டார்.

“இந்தப் பையன் பவானி போறதுக்குள்ள கிளட்சைப் பாதி தின்னுடுவான். இவனுக்கு எப்படி அஞ்சு?”

“திருடாம இருந்தா அஞ்சு வரும்.”

“ஒரே தடவை போயிட்டு வந்ததுக்கே பிரேக் லைனிங் மாத்தியிருக்கியே, அதையும் மாதையன் திருடிட்டுப் போயிட்டானா?”

மோசமாக ஓட்டுகிறவனுக்கு நல்ல மைலேஜ். நன்றாக ஓட்டியவனுக்கு மோசமான மைலேஜ். யோசித்தால் தலை சுற்றியது. அதனால் யோசிக்கவில்லை.

குரூப்பில் அப்புறம் வாரத்துக்கு ஒரு போட்டோ விழ ஆரம்பித்தது. எல்லாம் டீசல் திருட்டுதான். நாமக்கல்லில் ஒருவர், திருச்செங்கோட்டில் இருவர். இருபது வருடம், முப்பது வருடம் ஓட்டிய ஆட்கள். யார் வீட்டுக் கல்யாணத்துக்குச் சாமான் ஏற்றினாலும் ‘அவரை அனுப்புங்க’ என்று கேட்டு வாங்குகிற ஆட்கள்.

“பழைய டிரைவர் எல்லாம் திருடனாம், நேத்து லைசென்ஸ் எடுத்தவன் எல்லாம் யோக்கியனாம்” என்றார் அர்த்தநாரி. “ஊருக்கு என்ன காய்ச்சல் வந்துச்சோ.”

மூன்றாவது மாதம் நவநீதனின் மைலேஜ் இறங்கியது. நான்கு புள்ளி நான்கு. மூன்று புள்ளி ஒன்பது. மூன்று புள்ளி ஆறு.

இவனுமா? லாரி செட்டுக்குள் வந்ததும் வராததுமாகக் கற்பூரப் பெட்டியையும் செங்கல்லையும் எடுத்துக்கொண்டு போனேன். அவன் வண்டியைவிட்டு இறங்கினான். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அழுதுவிட்டான்.

“அக்கா, எனக்கு வேலை வேண்டாங்கக்கா. பயமா இருக்குது.”

“திருடும்போது பயமா இல்லையா?”

“திருட்டா? ஐயோ, இல்லீங்கக்கா. ரோட்டுல பயமா இருக்குது. முன்னெல்லாம் எவனாவது ஒருத்தன் பின்னாடி ஒட்டிக்கிட்டே போயிடுவேன், சுலபமா இருந்துச்சு. இப்ப எனக்கு முன்னாடி யாருமே இல்லைக்கா. என் பின்னாடி பன்னெண்டு வண்டி வருது. ஒருத்தனும் முந்த மாட்டேங்கறான். தொப்பூர் இறக்கத்துல எனக்குக் கால் நடுங்குது, நான் பிரேக் அடிச்சா பன்னெண்டு பேரும் வந்து என் மேல ஏறிடுவாங்க போல இருக்குது.”

ஒருத்தனும் முந்த மாட்டேங்கறான்.

கையில் இருந்த செங்கல் கனத்தது. இதே வார்த்தையை, இதே இடத்தில், இன்னொருவன் சொல்லியிருக்கிறான். நான் ஊர்வலமா என்று கேட்டேன். கற்பூரத்தை ஏற்றவில்லை. நவநீதனுக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுத்துவிட்டுச் சேலத்துக்குப் பஸ் ஏறினேன்.

ரெஜினாவின் கடையில் மேசை, தரை எல்லாம் காகிதம் பரப்பிக் கிடந்தது. என்னைப் பார்த்ததும், “வாங்கக்கா, நானே வரலாம்னு இருந்தேன்” என்றாள். கண்கள் சிவந்திருந்தன. “உங்களை மாதிரியே பதினஞ்சு ஓனர் புகார் சொல்லிட்டாங்க. எல்லாருக்கும் ஒரே மாதிரி இறக்கம். சந்தேகமா இருந்துச்சு. எல்லாப் பொட்டியோட பதிவையும் எடுத்துப் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தேன்.”

“பார்த்தா?”

“பொட்டிங்க ஒண்ணுக்கொண்ணு பேசிக்குதுக்கா. ரெண்டாவது மாசம் புதுசா இறங்குச்சில்ல, அதுல இருந்து. ஒரே ரோட்டுல போற வண்டிங்களை வரிசையாச் சேர்த்துடுது. எதிர்க்காத்துல நடக்கும்போது நீங்க மாமா முதுகுக்குப் பின்னாடி ஒண்டிக்கிட்டா உங்களுக்குச் சுலபமா இருக்குமில்ல? அதுதான். முன்னாடி போற வண்டி காத்தை உடைக்குது, பின்னாடி வர்றவங்க அந்தச் சந்துல போறாங்க. மேட்டுல பின்னாடி வண்டிங்க வேகம் குறையாம, கியர் மாத்தாம ஏறணும். அதுக்கு முன்வண்டி ஒரே வேகத்துல இழுக்கணும். அதனால அந்த வண்டிக்கு மட்டும் டீசலை அள்ளி ஊத்துது. மொத்தமாப் பார்த்தா நூத்துக்குப் பதினஞ்சு பங்கு மிச்சம்.”

“முன்னாடி போறவனுக்கு?”

“அவனுக்கு நட்டம்தான்.”

“அவன் டீசலை எடுத்து மத்தவனுக்குக் குடுக்கச் சொல்லி யாரு சொன்னது?”

ரெஜினா தலையைக் குனிந்துகொண்டாள். “நீங்கதான்க்கா. சம்மதம் அமுக்குனீங்க. இருபத்தாறாவது பக்கத்துல இருக்குது, ‘கூட்டுச் சிக்கனம்’னு. மாட்டிவிட்ட நானும் படிக்கலை.”

“முன்னாடி யாரு போகணும்னு எப்படி முடிவு பண்ணுது?”

“யாரு கால் ஆடாம இருக்குதோ அவங்க. சட்டுனு பிரேக் அடிக்காதவங்க, வேகம் கூடாம குறையாம ஓட்டறவங்க. பின்னாடி வர்ற அத்தனை பேரோட உசுரும் அவங்க கால்ல இருக்குதே. அதனால இருக்கறதுலயே நல்ல டிரைவரைப் பொறுக்கி எடுத்து முன்னாடி விடுது. மோசமா ஓட்டறவங்களை வாலுக்குத் தள்ளிடுது. வால்லதான் மைலேஜ் அதிகம்.”

அவள் ஒரு காகிதத்தை என்னிடம் நீட்டினாள். பொட்டி தானாக வைத்திருக்கிற தர வரிசை. புனே ரோட்டில் ஓடுகிற எங்கள் பக்கத்து டிரைவர்கள் முப்பது பேர். முதல் பெயர் மாதையன். இரண்டாவது நாமக்கல்காரர். மூன்றாவதும் நான்காவதும் திருச்செங்கோடு. மேலிருந்து பதினான்கு பெயர்கள். குரூப்பில் போட்டோ விழுந்த அதே பதினான்கு பேர், விழுந்த அதே வரிசையில்.

“அப்ப நவநீதன்?” என்றேன். “அவனா நல்ல டிரைவர் ஆயிட்டான்?”

“இல்லைக்கா. அவருக்கு மேல இருந்தவங்களை நீங்க எல்லாருமாச் சேர்ந்து வெளிய அனுப்பிட்டீங்க. மிச்சம் இருக்கறதுல அவர்தான் முதல்.”

சுவரில் சாய்ந்துகொண்டேன். திருட்டுப் பட்டம் கட்டி, போட்டோ போட்டு, ஊரைவிட்டே துரத்தி, கடைசியில் கால் நடுங்குகிற பையன் பின்னால் பன்னிரண்டு லாரிகளைக் கட்டித் தொப்பூரில் இறக்கிவிட்டிருக்கிறோம். அதைக் கொண்டாட நான் போண்டா வேறு வாங்கிக் கொடுத்தேன்.

“இதை நிறுத்து புள்ள.”

“உங்க வண்டியில கழட்டறேன். ஆனா அடுத்தவரை முன்னாடி விடும், அவர் இவரை விட மோசம். கம்பெனிக்கு எழுதிட்டேன். மொத்தத்துல லாபம்தானேன்னு பதில் வந்துச்சு. ஓனருங்க எல்லாரும் சேர்ந்து சொன்னாத்தான் நிறுத்துவாங்க.”

அன்று மாலையே பொட்டியைக் கழற்றினாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அந்தக் காகிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு அர்த்தநாரியோடு மேட்டூருக்குப் போனேன். மாதையன் இருக்கிற இடத்தை அவர்தான் தபால்காரர்களிடம் விசாரித்து வைத்திருந்தார். எப்போது விசாரித்தீர்கள் என்று கேட்டேன். “நீ போட்டோ போட்ட வாரம்” என்றார்.

அணைக்குப் பக்கத்தில் வரிசையாக மீன் வறுக்கிற கடைகள். அதில் ஒன்றில் மாதையனின் மனைவி நாகம்மா அடுப்பில் இருந்தாள். அவன் கீழே உட்கார்ந்து மீன் செதில் சுரண்டிக்கொண்டிருந்தான். நாகம்மா என்னைப் பார்த்ததும் சட்டியில் மீனைத் திருப்புகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் எழுந்து கையைக் கழுவினான். ஸ்டூலைத் துடைத்துப் போட்டான்.

“உக்காருங்க அக்கா. மாமா, நீங்களும் உக்காருங்க.”

நான் வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த பேச்சு ஒன்றும் வாயில் வரவில்லை. இந்த வாய்க்கு அது புதுசு. காகிதத்தை எடுத்து அவனிடம் கொடுத்தேன். ரெஜினா சொன்ன அத்தனையையும் திக்கித் திக்கிச் சொன்னேன். பின்னால் வந்த வண்டிகள், அள்ளி ஊற்றிய டீசல், தர வரிசை, நவநீதனுக்கு அடுத்து முன்னால் போகப்போகிறவன். “நீ திருடலை மாதையா. நீதான் முதல் ஆளு. பொட்டியே சொல்லுது, பாரு” என்றேன். அழுகை வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டேன்.

அவன் காகிதத்தைப் படித்தான். தன் பெயர் இருந்த வரியில் ஈர விரலை வைத்துப் பார்த்தான். திருப்பிக் கொடுத்தான்.

“அன்னிக்கு என்னைத் திருடனாக்குனதும் பொட்டிதானுங்களே அக்கா?”

“ஆமா.”

“இன்னிக்கு நல்லவன்னு சொல்றதும் பொட்டிதான்.”

நான் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டேன்.

“நடுவுல நான் ஒருத்தன் சொன்னனுங்களே. கற்பூரத்துல கை வெச்சுச் சொன்னேன். அது உங்க கணக்குல வரவே இல்லைங்களா?”

என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவன் நிஜமாகவே தெரியாமல் கேட்கிறவன் மாதிரி கேட்டான். அர்த்தநாரி அணைப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தப்புப் பண்ணிட்டேன் மாதையா. பெரிய தப்பு” என்றேன். “இந்தப் பேப்பரை இப்பவே குரூப்ல போடறேன். நானூறு பேரும் பார்க்கட்டும்.”

“போடுங்க. மத்த பதிமூணு பேருக்காகவும் இப்ப முன்னாடி போறவனுக்காகவும் கட்டாயம் போடுங்க. ஆனா எனக்காகப் போடாதீங்க அக்கா. எனக்கு முதல்ல பேப்பர் இல்லாம சொல்லுங்க.”

“புரியலையே.”

“மாதையன் திருடலைன்னு நீங்க சொல்லுங்க. உங்க வாயால. பொட்டியைப் பத்திப் பேசாம. நான் சொன்ன மாதிரி.”

எனக்கு முதலில் விளங்கவில்லை. ஆதாரம் கையில் இருக்கும்போது அதை மறைத்துவைத்துக்கொண்டு யார் பேசுவார்கள்? ஆனால் அவன் உள்ளங்கை கண்ணில் பட்டது. நடுவில் ஒரு ரூபாய் அகலத்துக்கு வெளுத்த தழும்பு. மீன் தண்ணீரில் ஊறி அது மட்டும் தனியாகத் தெரிந்தது. காகிதத்தை மடித்துப் பையில் வைத்தேன். போனை எடுத்துக் குரூப்பில் பேசிப் பதிவு செய்தேன்.

“நான் சங்ககிரி அமராவதி பேசறேன். என் டிரைவர் மாதையன் மேல திருட்டுப் பழி போட்டு அவன் போட்டோவை இதுல போட்டவ நான்தான். மாதையன் என் டீசல்ல ஒரு சொட்டும் தொடலை. நான் சொன்னது பொய். எல்லார் முன்னாடியும் அவன்கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கறேன்.”

அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் கையில் போனோடுதான் இருந்திருப்பார்கள். ஒரு நிமிடத்தில் முதல் பதில் வந்தது. ‘என்னக்கா ஆதாரம்?’

விரல் தானாகப் பையின் ஜிப்புக்குப் போனது. மாதையன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான், தடுக்கவில்லை. ஜிப்பிலிருந்து கையை எடுத்தேன். ‘ஆதாரம் இல்லை. நான் சொல்கிறேன்’ என்று தட்டி அனுப்பினேன்.

அடுத்த பதில், அன்று டீக்கடையில் என் போண்டாவைத் தின்ற ஆளிடமிருந்து. ‘மைலேஜ் மூன்றரைதானே வந்தது? டேங்க் பொய் சொல்லுமா?’ அதற்குக் கீழே எட்டு கட்டைவிரல்கள். அப்புறம் இன்னொருவர், என் அப்பாவோடு லாரி ஓட்டியவரின் மகன். ‘ஓனரக்கா, அவன் வித்த டீசலில் உங்களுக்கு எவ்வளவு பங்கு?’

காது இரண்டும் சுட்டது. நானா? என் வண்டி டீசலில் நானே பங்கு வாங்கினேனா? இவன் பிறந்தபோது தொட்டில் கட்டியவள் நான்! வாய் நிறைய வார்த்தை முட்டிக்கொண்டு வந்தது, எழுதத் தெரியவில்லை. என்ன எழுதினாலும் இவன் நம்பப் போவதில்லை என்பது மட்டும் தெரிந்தது. சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக விழுந்துகொண்டிருந்தன.

“என்ன போட்டிருக்காங்க?” என்று மாதையன் கேட்டான். போனைக் கொடுத்தேன். மெதுவாக, கடைசி வரை படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

“கோவம் வருதுங்களா அக்கா?”

“வருது.”

“எனக்கும் வந்துச்சுங்க.”

நாகம்மா இப்போதுதான் என் பக்கம் திரும்பினாள். ஒரு தட்டில் இரண்டு துண்டு மீனும் வெங்காயமும் வைத்து மாதையனிடம் நீட்டினாள். அவன் அதை வாங்கி என் மடியில் வைத்தான்.

“இப்பப் பேப்பரைப் போடுங்க அக்கா. முன்னாடி போறவன் நாளைக்கு வண்டி எடுக்கறதுக்குள்ள எல்லாரும் பார்க்கணும்” என்றான். “போட்டுட்டுச் சாப்பிடுங்க. ஆறிடும்.”